அடுத்து எந்த நாவல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் புத்தக மேசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளையேதான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் சொன்ன மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் என் ரசனையிலிருந்து வருபவை, அதனால் சண்டை போட இடம் உண்டு.

"நான் நாவலே படிச்சதில்ல. எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?"

சின்னதிலிருந்து. முதல் நாவலே ஐந்து பாகமாக இருந்தால் இரண்டாவது பாகத்தில் ஆர்வம் வடிந்துவிடும். நான் முதலில் கையில் கொடுப்பது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. நூறு பக்கத்துக்குள் அடங்குவது, ஒரே மாலையில் படித்துவிடலாம். நடப்பதும் ஒரு ஜல்லிக்கட்டுப் பொழுதுதான். தன் அப்பனைக் குத்திக் கொன்ற காரி காளையைப் பிடிக்க வந்திருக்கிறான் பிச்சி. அவனோடு மருதன். காளை ஜமீன்தாருடையது. திட்டிவாசலில் காளை வந்து நிற்கும் இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

ஜல்லிக்கட்டில் ஈடுபாடு இல்லையென்றால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் ஒரு தெரு, அடிபம்பு, குடங்கள், ஜமுனா என்று ஒரு பெண். அதுவும் வேண்டாம், கடல் வேண்டும் என்றால் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. மூன்றுமே மெலிந்தவை. மூன்றும் மூன்று விதம். எது உள்ளே இழுக்கிறது என்று பார்த்தால் அடுத்த புத்தகத்துக்கான குறிப்பு கிடைத்துவிடும்.

"எனக்கு என்ன பிடிக்கும்னே எனக்குத் தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

'எந்த வகை பிடிக்கும்?' என்று நான் யாரையும் கேட்பதில்லை. சரித்திர நாவல், சமூக நாவல், குடும்ப நாவல், மர்ம நாவல் என்பதெல்லாம் வாரப் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் ஒட்டிய சீட்டுகள். நான் கேட்பது வேறு: கடைசியாக எந்தக் கதை, சினிமாவோ பாட்டி சொன்னதோ, மறுநாளும் மனதில் ஓடியது? அதில் ஓடியது என்ன? அடுத்து என்ன நடக்கும் என்ற பதைப்பா, அந்த ஊரா, ஓர் ஆளின் பேச்சா, அல்லது 'இது நம்ம வீட்டுல நடந்த மாதிரி இருக்கே' என்ற நெருடலா?

பதைப்பு, ஊர், பேச்சு, நெருடல். இந்த நான்கும் எல்லா வகைகளுக்குள்ளும் ஓடுகின்றன. க்ரைம் நாவல் படிக்கிற எல்லாரும் பதைப்புக்காகப் படிப்பதில்லை. சிலர் சுஜாதாவின் வக்கீல்களான கணேஷும் வசந்தும் பேசிக்கொள்வதற்காகவே படிக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு துப்பறியும் கதையைவிட நல்ல உரையாடல் உள்ள ஒரு நாவல்தான் சரியாக வரும். கீழே வரும் பதில்களில் இந்த நான்கையும் மறுபடி மறுபடி இழுப்பேன்.

"பொன்னியின் செல்வன் முடிச்சாச்சு. வெறிச்னு இருக்கு. அதே மாதிரி வேற?"

அதிகம் வரும் கேள்வி இதுதான். படம் வந்த பிறகு இன்னும் அதிகம். 'அதே மாதிரி' என்றால் எதே மாதிரி?

வந்தியத்தேவனின் குதிரையும் சுரங்கப்பாதையும் ஒற்றர்களும்தான் என்றால் சாண்டில்யன். 'யவன ராணி' கரிகாலன் காலத்துப் பூம்புகாரில் தொடங்குகிறது. 'கடல் புறா' ஸ்ரீவிஜயம் வரை போகும் கடல் கதை. போர்த் தந்திரத்தையும் கப்பலையும் அவர் போல விறுவிறுப்பாகச் சொன்னவர் குறைவு. கதாநாயகி வந்து நின்றால் வருணனை பக்கக்கணக்கில் போகும், அங்கே தாராளமாகத் தாண்டலாம். சோழர்களே வேண்டும் என்றால் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', ராஜேந்திர சோழன் காலம். கல்கியின் கையெழுத்தே வேண்டும் என்றால் 'சிவகாமியின் சபதம்'. சிரிப்பு குறைவு, துக்கம் அதிகம். என் கணக்கில் அதுதான் அவருடைய மேலான நாவல்.

அரசர்கள் போதும், அந்த ஊரில் இருந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தோன்ற ஆரம்பித்திருந்தால் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. மதுரையின் அறுநூறு ஆண்டுகள், ஆயிரம் பக்கத்துக்கு மேல். பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார் கல்கி. அத்தியாயம் முடியும்போதெல்லாம் ஒரு கொக்கி இருப்பது அதனால்தான். காவல் கோட்டத்தில் அந்தக் கொக்கியை எதிர்பார்த்தால் ஏமாற்றம். முதலில் தாதனூர் என்ற ஊரின் களவைச் சொல்லும் பகுதிகளில் நுழைந்து பாருங்கள்.

"பொன்னியின் செல்வன்ல வர்றதெல்லாம் நிஜமா நடந்ததா?"

கொஞ்சம் நடந்தது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது வரலாறு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கொலைக்குக் காரணமானவர்களாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்லி அவர்கள் குடும்பத்தாரின் சொத்துப் பறிமுதலைப் பேசுகிறது. ரவிதாசன் என்ற பெயரைக் கண்டதும் உங்களுக்கு நாவலில் சதிகாரர்கள் கூடும் திருப்புறம்பியம் பள்ளிப்படை நினைவு வரும். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பது தஞ்சைக் கல்வெட்டில் உள்ளது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் மனதில் பிறந்தவர்கள்.

பரீட்சைக்குப் படிக்க சரித்திர நாவல் உதவாது. நாவலை முடித்த சூட்டில் கல்வெட்டுப் பக்கம் ஒருவர் போனால் அதுவே பெரிய லாபம்.

"க்ரைம் மட்டும்தான் படிப்பேன். ராஜேஷ்குமாரையே எத்தனை நாள் படிக்கிறது?"

அவர் எழுதியது ஆயிரத்தைந்நூறு நாவல்களுக்கு மேல். நாளுக்கு ஒன்று படித்தாலும் நாலு வருஷம் ஆகும். இருந்தாலும் அலுத்துவிட்டது என்றால் அந்தப் பக்கத்திலேயே ஆள் நிறைய. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, பின்னால் போனால் தமிழ்வாணனின் சங்கர்லால். இன்னும் பின்னால் போனால் நூறு வருஷத்துக்கு முந்தைய வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார். அந்த நடைக்குப் பழக ஒரு வாரம் பிடிக்கும்.

சுஜாதாவை இன்னும் தொடாதவர் என்றால் 1968-இல் வந்த 'நைலான் கயிறு', பிறகு 'கொலையுதிர் காலம்'. பின்னதில் நடப்பது பேயா விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவதே பாதி ருசி.

இன்னொரு வாசலும் உண்டு. பூமணியின் 'வெக்கை' (1982). கொலை முதல் சில பக்கங்களிலேயே நடந்துவிடுகிறது. கொன்றவன் யார் என்று நமக்குத் தெரியும். பதினைந்து வயதுப் பையன். கையை மட்டும் வெட்டிவிட நினைத்து வீசிய அரிவாள், ஆளையே முடித்துவிட்டது. மிச்ச நாவல் முழுக்க அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே தூங்குவது, எதைப் பொங்கித் தின்பது என்பதுதான் பேச்சு. துப்பறிவாளர் கிடையாது. பதைப்பு மட்டும் குறைவதே இல்லை. க்ரைம் வாசகர்களை 'இலக்கியம்' பக்கம் இழுக்க என்னிடம் உள்ள ஒரே தந்திரம் இந்தப் புத்தகம். பெரும்பாலும் பலிக்கிறது.

"பேய்க்கதை, சித்தர், மாந்திரீகம் இதெல்லாம்?"

இந்திரா சௌந்தர்ராஜன். 'விட்டுவிடு கருப்பு'வை மர்ம தேசம் தொடராகப் பார்த்துப் பயந்தவர்கள் இப்போது நடுவயதில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாம். இரவில் வேண்டாம்.

"அம்மாவுக்கு ரமணிசந்திரன் தவிர வேற எதுவும் ஓடாது. மாத்திவிட முடியுமா?"

ஏன் மாற்ற வேண்டும்? வேலையெல்லாம் முடித்து மத்தியானம் ஒரு மணி நேரம் அவர் படிக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. பெண்கள் படிக்கும் நாவல் என்றாலே உதட்டைச் சுழிக்கும் பழக்கம் நம்மிடம் பழையது. வை.மு. கோதைநாயகி நூற்றுப் பதினைந்து நாவல் எழுதி, 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தியவர். இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் அவருக்கு எத்தனை வரி கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அம்மாவே 'வேற ஏதாவது குடு' என்று கேட்டால் லக்ஷ்மி, சிவசங்கரி என்று போகலாம். அதற்கடுத்து நான் கொடுப்பது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964). லிஸிக்கும் தங்கராஜுக்கும் காதல். அவன் பனையேறுகிறவன் வீட்டுப் பிள்ளை, இவள் நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண். காதல் கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. கூடவே குமரி மாவட்டத்துப் பனங்காடும் கிறிஸ்தவ வீட்டுக் கூடமும் கிடைக்கும். எழுத்து பொடியாக இல்லாத பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். பல அம்மாக்கள் படிப்பதை நிறுத்துவதற்குக் கண்ணாடிதான் காரணம், ரசனை இல்லை.

"சிரிக்கிற மாதிரி ஒண்ணு?"

தேவன். 'துப்பறியும் சாம்பு' என்ற அசட்டு பேங்க் குமாஸ்தா ஒவ்வொரு கேஸிலும் தற்செயலாகவே ஜெயிப்பார். அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' கோர்ட்டுக்குள்ளேயே ஓடும் நாவல், வக்கீல் நண்பர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்து பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி–சீதாப்பாட்டி.

"சயின்ஸ் ஃபிக்‌ஷன் தமிழ்ல இருக்கா இல்லையா?"

இருக்கிறது, ஆனால் அலமாரி சின்னது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'வும்தான் இன்றும் முதல் வாசல். ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி மனிதர்களைவிடத் தெளிவாக யோசிக்கும். அதன் பேச்சுக்காகவே பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பிறகு க. சுதாகரின் '6174'. கணக்குப் புதிர், லெமூரியா, பயணம் எல்லாம் கலந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு சிறுகதைகளில்தான் தேட வேண்டியிருக்கும்.

"இலக்கிய நாவல்னா என்ன? புரியாத மாதிரி எழுதுறதா?"

அப்படி ஒரு பெயர் எப்படியோ வந்துவிட்டது. வாரப் பத்திரிகையில் வந்தால் ஜனரஞ்சகம், சிற்றிதழ்க்காரர்கள் எழுதினால் இலக்கியம் என்று ஒரு கோடு இருந்தது. ஆனால் அந்தக் கோட்டை யாரும் சரியாக மதித்ததில்லை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்தது. கி. ராஜநாராயணனின் (கி.ரா.) 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் வந்தது.

ஜெயகாந்தன் கதை இன்னும் சுவாரசியம். 1966-இல் விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை. மழையில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருவனிடம் தன்னை இழந்து வீட்டுக்கு வருகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி 'நீ சுத்தமாயிட்டே' என்ற அர்த்தத்தில் அவளைச் சேர்த்துக்கொள்கிறாள். ஊரே கொதித்தது. சரி, அம்மா அப்படிச் செய்யாமல் கத்திக் கூப்பாடு போட்டிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. நாவலுக்குள் அந்தச் சிறுகதையே ஒரு பத்திரிகையில் வெளிவருகிறது, நாயகி கங்கா அதைப் படிக்கிறாள். இது தினமணி கதிரில் தொடராக வந்த நாவல். புரியாமல் ஒரு வரி கூட இல்லை.

என் அளவுகோல் இதுதான். முடித்த பிறகு கதை தெரிந்தும் மறுபடி படிக்கத் தோன்றினால் அது இலக்கியம். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அந்தக் கணக்கில் சில சுஜாதா உள்ளே வருவார், விருது வாங்கிய சிலர் வெளியே போவார்கள்.

"வட்டார வழக்கு மண்டையில ஏற மாட்டேங்குது. நாலு பக்கத்துல மூடிட்டேன்."

நாலு பக்கம் போதாது, முப்பது பக்கம் கொடுங்கள். முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத வட்டாரப் பேச்சு காதுக்குப் பிடிபடும். தெரியாத சொல்லுக்கு நிற்காதீர்கள், மூன்றாவது முறை வரும்போது அர்த்தம் தானாக விளங்கிவிடும். நிறுத்திப் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்குக் கி.ரா.வே கரிசல் சொல்லகராதி ஒன்று தொகுத்து வைத்திருக்கிறார்.

இன்னொரு வழி, உங்கள் ஊர்ப் பேச்சில் தொடங்குவது. கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கத்து ஆளுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) பாட்டி பேசுவது போலவே இருக்கும். பெருமாள்முருகனும் அதே மண்தான். விருத்தாசலம் பக்கம் என்றால் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. நாகர்கோவில்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை: இரணியலைச் சொல்லும் நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்', நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்', தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம் வாழ்க்கைக்குத் தோப்பில் முஹம்மது மீரான். பரதவர் கடற்கரைக்கு ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு'. சொந்த ஊர்ப் பேச்சை அச்சில் பார்க்கும் கூச்சம் ஒருமுறை விலகிவிட்டால் அடுத்த ஊர்ப் பேச்சு கஷ்டமாக இருக்காது.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976) படிக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கத்திலேயே ஒரு கர்ப்பிணிப் பெண் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் குனிகிறாள். காதில் இருக்கும் நகைக்காக ஒருவன் அவளைத் தண்ணீருக்குள் அமுக்குகிறான். அவள் சாகும்போது அவன் கால் விரலைக் கவ்விக்கொள்கிறாள். விடுபட முடியாமல் அவன் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். இதைக் கடந்து போகிற வாசகனுக்கு வழக்கு ஒரு தடையா?

"நான் பாக்குற மாதிரி வேலையைப் பத்தி நாவல் உண்டா?"

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இரண்டாவது பதிலில் சொன்ன 'நெருடல்' வாசகர்கள் இப்படித்தான் கேட்பார்கள். தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. அவர் களத்துக்கே போய்த் தங்கி விசாரித்து எழுதியவர். திண்டுக்கல் தோல் ஷாப்புகளுக்கு டி. செல்வராஜின் 'தோல்'. நாகஸ்வரக்காரர்களுக்கு எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்'. சினிமாக் கம்பெனியில் புரொடக்‌ஷன் ஆட்கள் படும் பாட்டுக்கு அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. தேயிலைத் தோட்டத்துக்கு பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு'. சாஃப்ட்வேர்காரர்கள் இரா. முருகனின் 'மூன்று விரல்' பார்க்கலாம். டில்லி ஆபீஸ் வாழ்க்கைக்கு ஆதவன்.

ஒரு ஆட்டோ ஓட்டுநர் தன் தொழிலுக்கு நாவல் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 'கரைந்த நிழல்கள்' கொடுத்தேன். அதில் விடியற்காலையில் கார் அனுப்புவதிலேயே பாதி உயிர் போகிறவர்கள் வருவார்கள். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

"ஈழம், மலேசியா எழுத்தாளர்கள் எல்லாம் எங்க ஆரம்பிக்கிறது?"

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அவர் தமிழ்நாட்டுக்காரர்தான், ஆனால் இந்தோனேசியாவின் மெடானில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர் வருகை, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், நடுநடுவே மதுரைத் தெருக்களின் நினைவு. மொத்தம் இரண்டே நாவல் எழுதினார். 1972-இல் புத்தகமாக வந்தபோது கண்டுகொண்டவர்கள் குறைவு. இப்போது எந்தப் பட்டியலை எடுத்தாலும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமைக்கு கே. டானியலின் 'பஞ்சமர்'. போராளி இயக்கத்துக்குள்ளிருந்து அகதி வாழ்க்கை வரை ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). அகதி விண்ணப்பக் கடிதத்தையே கதை சொல்லும் கருவியாக்கியிருக்கிறார். சயந்தனின் 'ஆதிரை' பெரியது, நிதானமாக எடுங்கள். பழைய ஈழப் புத்தகங்கள் கடையில் கிடைக்காது. 'நூலகம்' என்ற மின்னூலகத்தில் ஏராளமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

"மொழிபெயர்ப்பு நாவல் படிச்சா தமிழ் மாதிரியே இல்லையே?"

எல்லாம் அப்படி இல்லை. அட்டையில் ஆசிரியர் பெயரைப் பார்க்கும் முன் மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். வங்காளத்திலிருந்து த.நா. குமாரசாமி, மராத்தியிலிருந்து காண்டேகரைக் கொண்டுவந்த கா.ஸ்ரீ.ஸ்ரீ., தகழியின் 'செம்மீன்' தந்த சுந்தர ராமசாமி, மலையாளத்துக்கு இன்று குளச்சல் மு. யூசுப். தாராசங்கர் பானர்ஜியின் 'ஆரோக்கிய நிகேதனம்' த.நா. குமாரசாமி தமிழில் படித்துப் பாருங்கள். நாடி பிடித்து மரணம் வரும் நாளைச் சொல்லும் கிழ வைத்தியரின் கதை. கும்பகோணத்தில் நடப்பது போலிருக்கும்.

கடையில் நின்றபடியே நடுவில் ஒரு பக்கத்தை மெல்ல வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள்.

"சாகித்ய அகாதமி வாங்கின நாவலா எடுத்தா பயமில்லாம படிக்கலாமா?"

பட்டியலாகப் பயன்படும், தராசாகப் பயன்படாது. தி. ஜானகிராமனுக்கு விருது வந்தது 'மோகமுள்'ளுக்கோ 'அம்மா வந்தா'ளுக்கோ இல்லை, 1979-இல் 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்கு. அசோகமித்திரனுக்கு 1996-இல், அதுவும் 'அப்பாவின் சிநேகிதர்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. கல்கிக்கு அவர் மறைந்த பிறகு 1956-இல் 'அலை ஓசை'க்கு. சுந்தர ராமசாமிக்கும் சிங்காரத்துக்கும் வரவே இல்லை.

ஆகவே விருதைப் பார்த்து எழுத்தாளரைத் தெரிந்துகொள்ளுங்கள், புத்தகத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். சில வருஷங்களில் விருது சரியான புத்தகத்துக்கே போயிருக்கிறது. 'கோபல்லபுரத்து மக்கள்' (1991), மீரானின் 'சாய்வு நாற்காலி' (1997) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

"படம் பாத்துட்டேன். இனி நாவல் எதுக்கு?"

'வெக்கை'யை வைத்து எடுத்த 'அசுரன்' பார்த்தவர்கள் நாவலைப் படித்தால் பாதிப் படம் நாவலில் இருக்காது. தனுஷின் இளமைக்கால பிளாஷ்பேக்கைத் தேடிக் களைத்துப்போவார்கள். நாவலில் மையம் பையன், படத்தில் அப்பா. இரண்டும் வேறு வேறு. பொன்னியின் செல்வனிலும் வெட்டியதுதான் அதிகம்.

"ஆயிரம் பக்க நாவலை எப்படி சார் முடிக்கிறீங்க?"

எல்லாவற்றையும் முடிப்பதில்லை. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' போன்றவற்றுக்குப் பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்திலேயே செருகி வைப்பேன். தினம் ஒரே நேரம், இருபது பக்கம். மகாபாரதத்தைத் திருப்பி எழுதிய அவருடைய 'வெண்முரசு' இருபத்தாறு நாவல்கள், 2014 முதல் 2020 வரை தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வந்தது. அதை வந்த வேகத்திலேயே, நாளுக்கு ஓர் அத்தியாயமாகப் படிப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரே மூச்சில் முடிப்பேன் என்று கிளம்பியவர்கள் யாரும் மூன்றாவது நாவலைத் தாண்டியதாகத் தெரியவில்லை.

பாதியில் விடுவது தப்பா என்ற கேள்வியும் இதோடு வரும். தப்பில்லை. எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று பென்சிலால் குறித்துவிட்டு வையுங்கள். இரண்டு மூன்று வருஷம் கழித்து அதே இடத்தில் திறந்தால் சில புத்தகங்கள் சட்டென்று ஓடத் தொடங்கும்.

"இவ்வளவும் வாங்கக் காசுக்கு எங்க போறது?"

நூலகத்துக்குப் போங்கள். சென்னையில் 1896-லிருந்து இருக்கும் கன்னிமாராவில் பழைய நாவல்கள் கிடைக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ரமணிசந்திரனும் சாண்டில்யனும் அட்டை கிழிந்து கிடப்பார்கள், பக்கத்திலேயே யாரும் தொடாத ராஜம் கிருஷ்ணன் புத்தம் புதிதாக இருப்பார்.

கல்கி, ராஜம் கிருஷ்ணன் போன்றவர்களின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் சட்டப்படி இலவசமாகவே படிக்கலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் உண்டு. இன்றும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகத்தை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டு 'நல்ல நாவல் வரவே மாட்டேங்குதே' என்று என்னிடம் வந்து புலம்ப வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, மற்ற மாதங்களில் மாவட்டக் காட்சிகள். கழிவு விலையில் வாங்கலாம்.

"சர்ச்சை வந்த நாவலைப் படிக்கலாமா? எழுத்தாளரையே பிடிக்கலன்னா?"

பெருமாள்முருகனின் 'மாதொருபாக'னைத்தான் கேட்கிறார்கள். 2010-இல் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது 2014 கடைசியில். எழுதுவதையே நிறுத்துவதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தடை கோரிக்கையை ஏற்கவில்லை. கத்தியவர்களில் பலர் நான்கு பக்கங்களை மட்டும் நகலெடுத்துப் படித்தவர்கள். முழுதாகப் படித்தால் பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியை ஊர் வார்த்தையாலேயே எப்படி அரிக்கிறது என்பதுதான் மனதில் நிற்கும். முடிவுக்குப் பிறகு என்ன ஆனது என்பதை அவரே இரண்டு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்: 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'. ஒன்றில் காளி இல்லை, மற்றொன்றில் இருக்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிற அனுபவம் தமிழில் வேறெங்கும் கிடைக்காது.

எழுத்தாளரின் பேச்சோ கட்சியோ பிடிக்காமல் போவது வேறு விஷயம். பிடிக்காதவரின் நாவலைப் படித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. படிக்காமல் அதைத் திட்டுவதற்கு மட்டும் எங்கள் மேசையில் நாற்காலி கிடையாது.

"நீங்க சொன்னதைப் படிச்சேன். பிடிக்கல. இப்ப என்ன?"

எங்கே நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். அதிலிருந்துதான் அடுத்ததைப் பிடிக்க முடியும். ஒன்றும் நடக்கவே இல்லை என்று நிறுத்தினால் நீங்கள் பதைப்பு ஆள், 'வெக்கை'க்கு வாருங்கள். பேச்சு புரியவில்லை என்றால் மேலே வட்டார வழக்குப் பதிலில் சொன்ன முப்பது பக்கக் கணக்கு. ரொம்ப அழுகை என்றால் தேவன். நடந்ததெல்லாம் நம்பும்படி இல்லை என்றால் அசோகமித்திரன்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் படிக்கத் தோன்றவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் அடுத்த புத்தகம் எடுத்துக் கொடுப்பதில்லை. மேசைக்கு வந்தவர்களில் யாராவது ஒருவர் அப்போது எதையோ முடித்துவிட்டு அதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவேன்.